மின்னோட்டத்தைத் துரத்துவதை விடுங்கள்

மின்சுற்று கற்றுக்கொள்ள ஆரம்பிக்கிற கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். பேட்டரியின் நேர்முனையில் விரலை வைத்து, படத்தில் உள்ள கோட்டின் மேலேயே அதை நகர்த்திக்கொண்டு போய், "இங்கேருந்து கரண்ட் கிளம்புது, இந்த ரெசிஸ்டருக்குள்ள போகுது, அங்க கொஞ்சம் குறையுது, மிச்சம் எல்இடிக்குப் போகுது" என்று கதை சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. அவற்றை அடைக்காமல் எத்தனை சூத்திரங்களை மனப்பாடம் செய்தாலும், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சுற்றைக் கையில் கொடுத்ததும் திகைப்புத்தான் மிஞ்சும்.

முதல் ஓட்டை, மின்னோட்டம் வழியில் செலவாகிக் குறைகிறது என்பது. குறையாது. பேட்டரி, ரெசிஸ்டர், எல்இடி மூன்றும் ஒரே வளையத்தில் இருக்கும்போது பேட்டரியிலிருந்து வெளியே வருவது 20 மில்லிஆம்பியர் என்றால் ரெசிஸ்டருக்குள் போவதும் 20, எல்இடிக்குள் போவதும் 20, பேட்டரிக்குத் திரும்பி வருவதும் அதே 20. வழியில் கைமாறுவது ஆற்றல். மின்னூட்டம் முழுசாகத் திரும்பி வந்துவிடும். இரண்டாவது ஓட்டை, வரிசை. முதலில் ரெசிஸ்டரைச் சந்தித்து அப்புறம் எல்இடியைச் சந்திப்பதாக நினைப்பது. இப்படி நினைப்பதால்தான் "எல்இடியைக் காப்பாற்றுகிற ரெசிஸ்டரை அதற்கு முன்னால்தானே போட வேண்டும்?" என்ற கேள்வி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. பின்னால் போட்டாலும் எல்இடி அதே வெளிச்சத்தில் எரியும், அதே அளவு பத்திரமாக இருக்கும்.

என் கட்சி இதுதான்: மின்னோட்டத்தை விரலால் துரத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்கப் பழகுங்கள். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், காயில், டயோடு, டிரான்சிஸ்டர் எல்லாமே இந்தக் கேள்வியின் வழியாகப் போனால் சீக்கிரம் பிடிபடும். பழுது பார்க்கும்போது இன்னும் வசதி. மின்னழுத்தத்தை அளக்க மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு இடத்தில் வைத்தால் போதும்; மின்னோட்டத்தை அளக்க வேண்டுமானால் ஓடிக்கொண்டிருக்கிற சுற்றை எங்காவது அறுத்து மீட்டரை நடுவில் நுழைக்க வேண்டும். (கம்பியைக் கவ்வி, அறுக்காமலே அளக்கிற கிளாம்ப் மீட்டர் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் சில மில்லிஆம்பியர்களைக் கண்டுகொள்ளாது.)

எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று கணக்குப் போட்டால் விரல் கதையின் லட்சணம் இன்னும் தெளிவாகும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக முன்னேறுவது வினாடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். செம்பில் ஒரு கன சென்டிமீட்டருக்குள்ளேயே 8.5 × 10²² கடத்தும் எலக்ட்ரான்கள் இருப்பதால், இவ்வளவு மெதுவாக நகர்ந்தாலே 1 ஆம்பியர் தேறிவிடுகிறது. அதே கம்பியில் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம் என்றால் இன்னும் வேடிக்கை: எலக்ட்ரான்கள் ஒரு மைக்ரோமீட்டர் தூரத்தைக்கூட எட்டாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும், எங்கேயும் போய்ச் சேராது. ஆனாலும் விளக்கு எரிகிறது.

சுவிட்சைப் போட்டதும் கம்பியை ஒட்டிப் பரவுவது மின்புலத்தில் உண்டாகும் மாற்றம். அது ஒளியின் வேகத்தில் பெரும் பங்கு வேகத்தில் போகிறது. போகிற வழியில் கம்பிகளின் மேற்பரப்பில் மின்னூட்டங்கள் அங்கங்கே கொஞ்சம் கூடியும் குறைந்தும் படிகின்றன. எங்கே தடை அதிகமோ அங்கே புலம் வலுவாகவும், நல்ல கடத்திக்குள் மெலிதாகவும் ஆகும்வரை அந்தப் படிவு மாறிக்கொண்டே இருக்கும். மேசை மேல் இருக்கிற அளவு சுற்றில் இந்தச் சரிக்கட்டல் நானோவினாடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது. பின்னால் ஒரு ரெசிஸ்டர் இருப்பது மின்னோட்டத்துக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்ற கேள்விக்கான பதில் அந்தச் சில நானோவினாடிகளுக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு சுற்று மொத்தமும் ஒரே முடிவில் நிற்கிறது, நாம் காகிதத்தில் போடுகிற கணக்கெல்லாம் அந்த முடிவைப் பற்றியதுதான். அதிர்வெண் ஏற ஏற இந்தச் சலுகை போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 6000 கிலோமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெறும் 12.5 சென்டிமீட்டர். அங்கே கம்பியின் ஒரு முனையும் மறுமுனையும் ஒரே நேரத்தில் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது, அந்த உலகத்துக்கு வேறு கணக்கு.

எலக்ட்ரான் எதிர்த்திசையில்தானே போகிறது என்று சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். நேர், எதிர் என்ற குறிகளை 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வைத்தார், எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் அடையாளம் கண்டது 1897இல். நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு ஓடுவதாக வைத்துக் கணக்குப் போடுங்கள், விடையில் ஒரு மாற்றமும் வராது.

சரி, மின்னழுத்தம். ஒரு புள்ளிக்கு மட்டும் மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது, எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடுதான். உயரத்தைப் போல: கடல்மட்டத்திலிருந்தா, மலையடிவாரத்திலிருந்தா என்று சொல்லாமல் ஒரு பாறையின் உயரத்தைச் சொல்ல முடியாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணையுங்கள். அடிமுனையைச் சுழியம் என்று வைத்தால் நடுப்புள்ளி 9, மேல்முனை 18. நடுப்புள்ளியைச் சுழியம் என்று வைத்தால் அதே பேட்டரிகள் +9, −9 தருகின்றன. பேட்டரிக்குள் ஒன்றும் மாறவில்லை. சுற்றுப்படங்களில் கிரவுண்டு என்று குறிப்பது இப்படி நாமாகத் தேர்ந்தெடுத்த சுழியப் புள்ளியை. அதில் மண்ணுக்குள் இறங்குகிற எர்த் கம்பி சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். கைபேசிக்குள்ளும் கிரவுண்டு இருக்கிறது, அது எந்த மண்ணையும் தொடுவதில்லை.

உயரத்தோடு ஒப்பிட்டதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எப்படிச் சுற்றினாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஏறியது மொத்தமும் இறங்கியது மொத்தமும் சமமாகத்தான் இருக்க வேண்டும். மூடிய வளையம் ஒன்றில் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை சுழியம் என்பது அவ்வளவுதான். ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமும் அதைவிட்டு வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது அதன் ஜோடி. இந்த இரண்டையும் குஸ்டாவ் கிர்க்காஃப் 1845இல், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே எழுதிவிட்டார். பெரிய பெரிய சுற்றுகளைக் கணினியில் போட்டுப் பார்க்கிற மென்பொருள்கள் இன்றும் சந்திப்புக்குச் சந்திப்பு இதைத்தான் எழுதித் தீர்க்கின்றன. கவனியுங்கள், அவை கண்டுபிடிக்க முயல்கிற முதல் விடை ஒவ்வொரு சந்திப்பின் மின்னழுத்தம். மின்னோட்டங்கள் பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

ஓம் விதியைப் பள்ளியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. அது பிறந்த விதம் அதைவிடச் சுவையானது. ஜார்ஜ் சைமன் ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1825இல் முதல் சோதனைகளைச் செய்தார். அப்போது கிடைத்த மின்மூலம் வோல்ட்டா 1800இல் அறிவித்த அடுக்கு மின்கலமும் அதன் வாரிசுகளும். அவை சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே சோர்ந்துபோகும். காலையில் எடுத்த அளவு மாலையில் வராது. ஓம் முதலில் எழுதிய சூத்திரம் சரியாக அமையவில்லை. பொக்கண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி அடுக்கு மின்கலத்தைத் தூக்கி வைத்துவிட்டு வெப்ப இரட்டையை எடுத்தார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு முனைகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால், வெப்பநிலை மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. மிகச் சிறிய மின்னழுத்தம்தான், ஆனால் அசையாத மின்னழுத்தம். அதன் பிறகு வெவ்வேறு நீளக் கம்பிகளைப் போட்டு, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, 1826இல் சரியான உறவைக் கண்டார், 1827இல் நூலாக வெளியிட்டார். முதலில் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது 1841இல்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் 1826இல் எழுதிய சூத்திரத்தின் வடிவம். அதில் வெளியே இணைத்த கம்பியின் பங்கோடு, மூலத்துக்கும் மற்ற இணைப்புகளுக்கும் உரிய பங்கு ஒன்று தனியாகக் கூட்டப்பட்டிருந்தது. அதாவது பேட்டரியின் உள்தடை என்று இன்று நாம் பின்குறிப்பாகச் சொல்லித்தருவது அவர் சமன்பாட்டில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நம் பாடப்புத்தகங்கள் அதைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் மின்கலம் எப்போதும் 1.5 வோல்ட் தரும் என்று பழக்கிவிட்டன. அதனால்தான் ரிமோட் கார் ஓடவில்லை என்று மின்கலத்தைக் கழற்றி மீட்டரில் பார்த்து, 1.3 வோல்ட் காட்டுகிறதே, மின்கலம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மோட்டாரைச் சந்தேகிக்கிறார்கள். புதிய ஏஏ ஆல்கலைன் மின்கலத்தின் உள்தடை ஒரு ஓமில் சிறு பங்கு. பழசாக ஆக அது ஏறும். மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காததால் உள்தடை வெளியே தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே முனைகளில் அளந்து பாருங்கள், 0.8க்கு விழுந்திருக்கும். மின்கலத்தைப் பாரத்தோடு அளக்க வேண்டும். பாரமில்லாமல் அளந்தது பெரும்பாலும் ஆறுதலுக்குத்தான் உதவும்.

இந்த உள்தடை சில சமயம் நண்பனாகவும் வரும். சிஆர்2032 நாணய மின்கலத்தின் இரண்டு பக்கமும் எல்இடியின் கால்களைச் செருகினால் ரெசிஸ்டர் இல்லாமலே பத்திரமாக எரிகிறது, ஏனென்றால் அந்த மின்கலத்துக்குள்ளேயே பத்து ஓமும் அதற்கு மேலும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 9 வோல்ட் பேட்டரியிலும் அப்படியே செய்தால் எல்இடி ஒரு கணம் பளீரென்று எரிந்து போய்ச் சேரும்.

எல்இடி ரெசிஸ்டர் கணக்கையே மின்னழுத்த வழியில் போட்டுப் பார்க்கலாம். சிவப்பு எல்இடி எரியும்போது அதன் குறுக்கே சுமார் 2 வோல்ட் நிற்கும், மின்னோட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த 2 பெரிதாக அசையாது. மூலம் 9 வோல்ட். மிச்சம் 7 வோல்ட் எங்கேயாவது இறங்கியாக வேண்டும், அது ரெசிஸ்டரின் தலையில். 20 மில்லிஆம்பியர் வேண்டுமானால் 7 ÷ 0.02 = 350 ஓம். கடையில் 350 கிடைக்காது, 330 கிடைக்கும், போட்டால் 21 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரில் வெப்பமாவது 0.15 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். ஏன் 350 கிடைக்காது, ஏன் 4.7 கிலோஓம் போன்ற விசித்திர எண்கள் என்று எல்லோருக்கும் ஒரு கேள்வி இருக்கும். 10 சதவீதப் பிழை எல்லையோடு ரெசிஸ்டர் செய்தால் 10 முதல் 100 வரை பன்னிரண்டு மதிப்புகள் இருந்தாலே இடைவெளி இல்லாமல் மூடிவிடலாம். ஒவ்வொன்றும் முந்தையதைப் போலச் சுமார் 1.21 மடங்கு. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசை இப்படி வந்ததுதான். இன்று 1 சதவீத ரெசிஸ்டர்கள் தாராளமாகக் கிடைத்தாலும் கை இந்தப் பன்னிரண்டுக்கே போகிறது.

ஓம் விதி எல்லாப் பொருளுக்கும் பொதுவான சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வெப்பநிலை மாறாத உலோகத்துக்கு அது அருமையாகப் பொருந்தும். 230 வோல்ட்டில் 100 வாட் எடுக்கும் பழைய இழை விளக்கின் தடை எரியும்போது 529 ஓம், அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் குளிர்ந்த நொடியில் பாய்கிற பெரிய மின்னோட்டத்தால்தான் இழை விளக்குகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்திலேயே உயிரை விட்டன. அதேபோல, மின்சாரம் தடை குறைந்த பாதையில் மட்டும் போகும் என்று ஒரு வாசகம் ஊர் சுற்றுகிறது. 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 100 ஓமும் 10 கிலோஓமும் இணையாக இருந்தால் முதலாவதில் 50 மில்லிஆம்பியர், இரண்டாவதில் 0.5 மில்லிஆம்பியர். குறைவாகப் போகிறது என்பதற்காகப் போகவே இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த இரண்டாவது பாதை மனித உடம்பாக இருந்தால் அந்த வாசகம் ஆளைக் கொல்லும்.

அடுத்து மின்னழுத்தப் பகுப்பி. இதுதான் என் கருத்தில் மின்னணுவியலின் மிக முக்கியமான சுற்று, இரண்டே ரெசிஸ்டர்கள். 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டால் நடுவில் 4.5 வோல்ட். பார்த்ததும், ஆகா, 4.5 வோல்ட் மூலம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். அந்த நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம் பாரத்தை இணைத்துப் பாருங்கள். கீழே இப்போது 10 கிலோஓமும் 1 கிலோஓமும் இணையாக, அதாவது 909 ஓம். நடுப்புள்ளி 0.75 வோல்ட்டுக்குச் சரிந்துவிடும். ரெசிஸ்டர்கள் கெடவில்லை, கணக்கும் தப்பவில்லை. ஒரு இடத்தில் எதைத் தொட்டாலும் சுற்று முழுவதும் தன்னை மறுபடி சரிக்கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்தப் பகுப்பிக்கும் ஓர் உள்தடை உண்டு, இரண்டு 10 கிலோஓமும் இணையாக நின்றால் வருகிற 5 கிலோஓம். சோர்ந்த மின்கலத்தின் கதைதான் மறுபடியும்.

மீட்டரும் இந்தச் சட்டத்துக்குத் தப்பாது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் மின்னழுத்தம் அளக்கும்போது தானே ஒரு 10 மெகாஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்கிறது. மேலே சொன்ன பகுப்பியை 10 கிலோஓமுக்குப் பதிலாக இரண்டு 10 மெகாஓமில் கட்டி நடுவில் அளந்தால் 4.5 வராது, 3 வோல்ட் காட்டும். மீட்டரை எடுத்ததும் நடுப்புள்ளி 4.5க்குத் திரும்பிவிடும், நாம் பார்க்கத்தான் முடியாது. மின்னோட்டம் அளக்கும் நிலையில் இதே மீட்டர் நேர் எதிராக, ஏறக்குறைய வெறும் கம்பி. சிவப்பு முனையை ஆம்பியர் துளையில் செருகிவைத்துவிட்டு, மறந்துபோய் பேட்டரிக்குக் குறுக்கே வைப்பவர்களுக்காகத்தான் உள்ளே ப்யூஸ் வைத்திருக்கிறார்கள்.

இனி நேரம் உள்ளே வருகிறது. ரெசிஸ்டருக்கு ஞாபகம் கிடையாது. இந்த நொடியின் மின்னழுத்தம் தெரிந்தால் இந்த நொடியின் மின்னோட்டம் தெரியும். கெப்பாசிட்டருக்கும் காயிலுக்கும் ஞாபகம் உண்டு. கெப்பாசிட்டரின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் திடீரென்று தாவாது, ஏனென்றால் தாவ வேண்டுமானால் அதன் தகடுகளில் உள்ள மின்னூட்டம் ஒரே கணத்தில் மாற வேண்டும், அதற்கு எல்லையற்ற மின்னோட்டம் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் அதிலிருந்து வருகிறது. காலியான கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக 9 வோல்ட்டில் இணைத்தால் முதல் கணத்தில் அதன் குறுக்கே சுழியம், அதனால் முழு 9 வோல்ட்டும் ரெசிஸ்டரில். கெப்பாசிட்டர் அப்போது வெறும் கம்பி. நிறைய நேரம் கழித்து அதன் குறுக்கே 9, ரெசிஸ்டரில் சுழியம். இப்போது அது அறுந்த கம்பி. நடுவே எவ்வளவு நேரம்? தடையையும் கொள்ளளவையும் பெருக்கினால் வினாடி கிடைக்கிறது. 10 கிலோஓமும் 100 மைக்ரோஃபாரடும் என்றால் 1 வினாடி. அந்த ஒரு வினாடியில் 63 சதவீதம் ஏறியிருக்கும், ஐந்து வினாடியில் 99ஐத் தாண்டியிருக்கும்.

ஞாபகம் இருப்பதால்தான் அது ஆபத்தானதும்கூட. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கினால் கெப்பாசிட்டரில் நிற்பது உச்சமதிப்பு, சுமார் 325 வோல்ட். ஸ்விட்ச்மோட் பவர் சப்ளைக்குள் (கணினி போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் இது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். காலி செய்யும் ரெசிஸ்டர் உள்ளே இருக்கலாம், அது அறுந்தும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் தொடாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை முனை மாற்றி இணைத்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பி வெடிக்கும். அதன் தலையில் கீறல் போட்டிருப்பது அந்த வெடிப்பு சிதறாமல் அங்கே திறந்துகொள்வதற்காக.

காயில் இதன் மறுபக்கம். அதன் வழியே ஓடும் மின்னோட்டம் திடீரென்று தாவாது. மின்னோட்டம் மாறும் வேகத்துக்கேற்ப காயில் தன் குறுக்கே மின்னழுத்தத்தை உண்டாக்கும். 1831இல் ஃபாரடே கண்ட தூண்டல்தான் இது. 12 வோல்ட் ரிலே (காயிலின் காந்த இழுப்பால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றின் காயில் 400 ஓம் என்றால் 30 மில்லிஆம்பியர் ஓடுகிறது. சுவிட்ச் போல வேலை செய்கிற ஒரு டிரான்சிஸ்டர் அதைத் திடீரென்று நிறுத்தினால் காயில் அந்த 30 மில்லிஆம்பியரை எப்படியாவது ஓட்டியே தீருவேன் என்று டிரான்சிஸ்டர் பக்க முனையின் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஐம்பது, நூறு, இன்னும் மேலே, எது முதலில் உடைகிறதோ அதுவரை. பிசி547 டிரான்சிஸ்டர் தாங்குவது 45 வோல்ட், ஆகவே அதுதான் உடையும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு ஒன்றை, 1என்4007ஐ, காயிலுக்குக் குறுக்கே தலைகீழாகப் போட்டுவிட்டால் அந்த முனை 12.7 வோல்ட்டைத் தாண்டியதுமே டயோடு திறந்து, மின்னோட்டம் காயிலுக்கும் டயோடுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி அடங்கிவிடும். ரிலே விடுபடுவது கொஞ்சம் தாமதமாகும், அது நாம் கொடுக்கிற விலை.

காயில் என்றால் சுற்றிவைத்த கம்பிதான் என்றில்லை. நேரான கம்பிக்கும் தூண்டல் உண்டு, ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி. அற்பம்தான். ஆனால் டிஜிட்டல் சிப் ஒன்று நிலை மாறும்போது 2 நானோவினாடிக்குள் 100 மில்லிஆம்பியர் கூடுதலாகக் கேட்கிறது என்று வையுங்கள், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி 10 சென்டிமீட்டர், அதாவது 100 நானோஹென்றி. கணக்குப் போட்டால் கம்பியின் குறுக்கே 5 வோல்ட் வருகிறது. சிப்புக்கு வரவேண்டிய மொத்தமே 5 வோல்ட்! நிஜத்தில் மின்னழுத்தம் விழுந்ததும் சிப்பும் அவ்வளவு வேகமாக இழுக்க முடியாமல் தடுமாறும், ஆனால் சங்கதி புரிந்திருக்கும். ஒவ்வொரு சிப்புக்குப் பக்கத்திலும் 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், 104 என்று அச்சிட்ட அந்தக் குட்டி, ஒட்டிக்கொண்டிருப்பது இதற்காக. மின்னழுத்தம் தாவாத ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போர்டின் மறுகோடியில் வைத்தால் நடுவில் மறுபடி அதே கம்பி வந்துவிடும்.

டயோடும் டிரான்சிஸ்டரும் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். சிலிக்கான் டயோடு நேர்த்திசையில் ஓடும்போது அதன் குறுக்கே 0.6 முதல் 0.7 வோல்ட். இந்த எண் ஏன் இவ்வளவு நிலையாக இருக்கிறது என்றால், 60 முதல் 120 மில்லிவோல்ட் ஏறினாலே மின்னோட்டம் பத்து மடங்காகிவிடும். ஆகவே மின்னோட்டம் எப்படி மாறினாலும் மின்னழுத்தம் அதே வட்டாரத்தில்தான் நிற்கும். டிரான்சிஸ்டருக்குப் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள்; பேஸில் கொடுக்கும் சிறு மின்னோட்டம் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருப்பதும் டயோடைப் போன்ற ஒரு சந்திதான். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் செய்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில் ஆனது, இன்று நம் கையில் இருப்பவை அநேகமாகச் சிலிக்கான்.

மேலே சொன்ன ரிலேயை மைக்ரோகண்ட்ரோலரின் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினி சிப்) 5 வோல்ட் காலிலிருந்து ஓட்ட வேண்டுமானால், எமிட்டரைக் கிரவுண்டில் இணைத்துவிட்டு: கலெக்டரில் 30 மில்லிஆம்பியர், நன்றாகத் திறந்து நிற்க அதில் பத்தில் ஒரு பங்கை, 3 மில்லிஆம்பியரை, பேஸில் கொடுக்கலாம். பேஸ் ரெசிஸ்டரின் குறுக்கே 5 − 0.7 = 4.3 வோல்ட், வகுத்தால் சுமார் 1.4 கிலோஓம், 1.2 அல்லது 1.5 போட்டுக்கொள்ளுங்கள். இப்போது ரிலே இழுக்கவில்லை என்று வையுங்கள். எதையும் அறுக்காமல், கருப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துக்கொண்டு, மைக்ரோகண்ட்ரோலரின் கால் 5 வோல்ட் கொடுக்கும்போது சிவப்பு முனையால் மட்டும் தேடலாம். பேஸில் 0.7, கலெக்டரில் 0.2 அல்லது அதற்கும் கீழே என்றால் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்கிறது. காயிலின் மறுமுனைக்கு 12 வருகிறதா என்று பாருங்கள், வந்தால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது ரிலேயே கெட்டிருக்கலாம். பேஸில் 0.7, கலெக்டர் 5, 6 வோல்ட்டில் தொங்குகிறதா? பேஸ் மின்னோட்டம் போதவில்லை, ரெசிஸ்டர் பெரிதாக இருக்கிறது. பேஸில் 5 வோல்ட்டே நிற்கிறதா? பேஸ்-எமிட்டர் சந்தி அறுந்திருக்கிறது, இல்லையென்றால் எமிட்டர் கிரவுண்டைத் தொடவே இல்லை. பேஸில் சுழியம் என்றால் ரெசிஸ்டரின் மறுபக்கம் போங்கள். ஒரு மின்னோட்டத்தையும் அளக்கவில்லை, எல்லாம் தெரிந்துவிட்டது.

கடைசியாகக் கம்பிகள். படத்தில் கோடாக வரைந்துவிடுவதால் அவற்றுக்குத் தடை இல்லை என்று மனசு முடிவு செய்துவிடுகிறது. மெல்லிய யூஎஸ்பி கேபிளுக்குள் 0.08 சதுர மில்லிமீட்டர் செம்பு இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.21 ஓம், போக ஒன்று, வர ஒன்று, மொத்தம் 0.42. 1 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போய்விடும், 5 வோல்ட் சார்ஜர் மறுமுனையில் 4.6 ஆகிவிடும். அதில் பாதி திரும்பி வரும் கம்பியில் இறங்குகிறது, அதனால் சாதனத்தின் கிரவுண்டும் சார்ஜரின் கிரவுண்டும் 0.2 வோல்ட் வித்தியாசத்தில் நிற்கின்றன, நாம் இரண்டையும் சுழியம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். சென்சார் அளவுகள் காரணமில்லாமல் ஆடுகின்றன, மோட்டார் ஓடும்போது மட்டும் சிப் ரீசெட் ஆகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இதை: கருப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில், சிவப்பு முனையைச் சிப்பின் கிரவுண்டு காலில், மோட்டார் ஓடும்போதே. சில மில்லிவோல்ட் காட்டினால் வேறு இடத்தில் தேடலாம். 200, 300 மில்லிவோல்ட் காட்டினால் மோட்டாரின் திரும்பும் கம்பியைத் தனியாகப் பேட்டரி வரைக்கும் இழுத்துவிடுங்கள்.